கொழும்புக்குச் சீட்டெடுத்துப் பினாங்கு போன பயணம்

முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்த ஒருத்தி, சமுத்திரத்தைச் சென்னைக் கடற்கரையில் நின்று பார்த்ததோடு சரி என்பது சொல்லிக்கொள்ளத்தக்க விஷயம் அன்று. கோயமுத்தூரில் தலைமையாசிரியைப் பொறுப்பிலிருந்து 1935 சித்திரையில் ஓய்வு பெற்றேன். மறு மாசியில் கப்பலேறினேன். இடைப்பட்ட காலத்தில் பாதி, எந்தக் கப்பல், எந்த வழி என்று தீர்மானிப்பதிலேயே கழிந்தது. அந்தத் தீர்மானத்தை எவ்வளவு மோசமாகச் செய்தோம், பிறகு எப்படித் திருத்திக்கொண்டோம் என்பது எங்கள் பக்கத்திலிருந்து கடல்வழிச் சுற்றுலாப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படலாம். கடலின் அழகை வர்ணிக்க ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

தனியாகப் போகத்தான் நினைத்தேன். பெரிய கடைவீதியில் தோல் வியாபாரத்தோடு கப்பல் சீட்டும் வாங்கித் தருகிற ராவுத்தர் சம்மதிக்கவில்லை.

“சீட்டுக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. நாளைக்கு நடுக்கடல்ல உங்களுக்குத் தலைவலின்னா தைலம் தேய்க்க ஒரு ஆளு வேணுமுங்களே. கப்பக்காரனா தேய்ப்பானுங்க?”

“எனக்கு இதுவரைக்கும் தலைவலி வந்ததில்லீங்க.”

“உங்களுக்கு வந்திருக்காதுங்க. உங்ககிட்டப் படிச்சவீகளுக்கு வந்திருக்குமுங்க” என்றார் மிகுந்த மரியாதையோடு. அவரிடமே சீட்டு வாங்குவதென்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

துணைக்கு என் அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம். அறுபத்து மூன்று வயது. காங்கேயத்துக்கு நாலு மைல் தள்ளித் தோட்டத்தில் இருந்தார். அண்ணன் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பழனிக்கு அப்பால் அவர் எந்த ஊரையும் பார்த்தவர் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது உருப்படி மாட்டையும் அவற்றை மேய்ப்பவர்களையும் அவரைப்போல் நடத்த எனக்குத் தெரியாது.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நங்கைக்கு ஒரே மகள், மயிலாத்தாள். பொள்ளாச்சிப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். அவர் பினாங்கில் ஒரு கொப்பரைக் கிடங்கில் கணக்கர். கல்யாணமான சில மாதத்தில் அவளை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்திருக்க வேண்டும். பெண்ணை அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளை எழுதட்டும் என அண்ணன் காத்திருந்தார். பெண்ணை அனுப்புங்கள் என்று மாமனார் எழுதட்டும் என மாப்பிள்ளை காத்திருந்தார். இருவருமே மரியாதை தெரிந்தவர்கள். ஆகையால் இருவருமே எழுதவில்லை. குழந்தை அங்கேயே பிறந்தது. பிறகு இன்னும் இரண்டு பிறந்தன. ஒன்பது வருஷமாகத் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும் வரும், போகும். இந்தப் பக்கத்துக் கடிதங்களை எழுதுகிறவளும், அந்தப் பக்கத்துக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறவளும் நான்.

ராவுத்தர் மூன்று வழிகளுக்கான அச்சுத் தாள்களைக் கொடுத்தார். முதலாவது கொழும்பு. ஈரோடு, திருச்சி வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்கு இருபத்திரண்டு மைல் கடல், சுமார் இரண்டு மணி நேரம். மறுபடியும் ரயிலில் கொழும்பு. கண்டியையும் நுவரெலியாவையும் பார்த்துவிட்டுத் தூத்துக்குடி வழியாக ஓர் இரவுக் கப்பலில் திரும்பலாம். மொத்தம் பன்னிரண்டு நாள். தாளின் தலைப்பில் கப்பல் படம் போட்டிருந்தாலும், இதில் கப்பலில் கழியும் நேரம் ஒரு நாளுக்கும் குறைவு. வாங்குகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது கொச்சியில் ஏறிக் கோழிக்கோடு, மங்களூர், கோவா வழியாகப் பம்பாய் போவது. திரும்புவது ரயிலில். பதினான்கு நாள். கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே வரும் என்பதை அனுகூலமாக எழுதியிருந்தார்கள். கரையைப் பார்க்க வேண்டுமானால் கரையிலேயே இருந்துகொள்ளலாம் என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மூன்றாவது நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். பினாங்கு வரைக்குமே ஆயிரத்து முந்நூறு மைல், நடுவில் கரையே இல்லாத ஆறு நாள். போய்வர ஒரு மாதம் பிடிக்கும். இரண்டாம் வகுப்பில் பினாங்குக்குப் போக வர நூற்றைம்பது ரூபாய். சிங்கப்பூருக்கு அதற்கு மேல் ஐம்பது. எனக்குப் பிடித்தது இதுதான். மற்ற இரண்டும் கடல் ஓரத்தைத் தொட்டுவிட்டு வருவது. கடலைக் கடப்பது இது ஒன்றே.

தை மாதக் கடைசியில் மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு காங்கேயம் போனேன். கோயமுத்தூரிலிருந்து நாற்பத்து மூன்று மைல். பஸ்ஸில் மூன்று மணி நேரம், பதினாலு அணா. நங்கை மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். கடைசியில், “பினாங்கு போலாமுங்களா, நங்கை?” என்று கேட்டேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். “அத்தனை தொலைவுங்களா அம்மிணி?”

“ஆறு நாளுங்க.”

“உங்களுக்குச் செரமமுங்களே.”

“அப்பக் கொழும்புக்குப் போலாமுங்களா?”

“உங்களுக்கு எது தோதோ அதையே செஞ்சுபோடுங்க. எனக்கு எங்க போனாலும் சேரீங்க.”

மகளைப் பார்க்கும் விருப்பம் அவருக்கு இல்லை, அல்லது மனஸ்தாபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தர்க்க சாஸ்திரத்தை விருப்பப் பாடமாக எடுத்து பி.ஏ. தேறியவள் நான். ஒருவர் ‘சரி’ என்றால் சரி என்று அர்த்தம் செய்துகொள்ளும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. கோயமுத்தூருக்குத் திரும்பிக் கொழும்புக்கு இரண்டு சீட்டு வாங்கினேன். ராவுத்தர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “பெரியம்மாவோட பொண்ணு பினாங்குல இருக்குதுன்னு சொன்னீங்களேம்மா?” என்றார். “அவரைக் கேட்டாகிவிட்டது” என்றேன். “சேரீங்க” என்று சீட்டை எழுதினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வது அவருக்கும் மரியாதையாகப் படவில்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் காங்கேயத்தில் ஈரோடு பஸ் ஏறினோம். முப்பது மைல், இரண்டு மணி நேரம், பத்தணா. என்னிடம் ஒரு தோல் பெட்டியும் படுக்கைச் சுருளும். நங்கையிடம் ஒரு தகரப் பெட்டி. அதை பஸ்ஸின் கூரைமேல் ஏற்ற டிரைவரும் இன்னொருவரும் வேண்டியிருந்தது.

“ஏனுங்காத்தா, உள்ள அம்மிக்கல்லுங்களா?” என்றார் டிரைவர்.

“துணிதானுங் கண்ணு.”

“துணியில சுத்துன அம்மீங்களா?”

நங்கை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு எண்பத்தெட்டு மைல். நண்பகல் வண்டியில் ஏறினால் மாலை ஐந்துக்குள் போய்விடலாம். தனுஷ்கோடி வண்டி மறுநாள் விடியற்காலையில்தான். இங்கே ஒரு குறிப்பு: சாமானை முந்தின மாலையே எடை போட்டுப் பதிவு செய்துவிடுங்கள், விடியற்காலையில் அந்த இடத்தில் நெருக்கடி அதிகம். நாங்களும் அப்படியே செய்யப் போனோம். தகரப் பெட்டி தராசில் ஏறியதும் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அனுமதித்த எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“வேண்டாததை எடுத்துப்போடலாமுங்க, நங்கை. சாவியக் குடுங்க.”

“கெடக்கட்டுமுங்க அம்மிணி. எச்சாக் காசு நான் குடுத்துர்றேன்.”

“பன்னண்டு நாளைக்கு இத்தனை துணி எதுக்குங்க?”

சாவியைக் கொடுக்காமல் இருப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. கொடுத்தார். பிளாட்பாரத்திலேயே திறந்தேன்.

அவர் உடுத்துகிற சீலை நான்கே இருந்தன. மற்றதெல்லாம் வேறு. தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் இரண்டு படி. கொள்ளு. பனையோலைப் பெட்டி நிறைய நாட்டுச் சர்க்கரை. துணியில் முடிந்த வசம்பும் சுக்கும். ஓர் அரக்குச் சீலை. தொட்டில் கட்டுகிற வெள்ளைத் துணி, மடிப்பிலே மஞ்சள் பூத்துப்போனது. அதற்கடியில் பச்சைக் குழந்தைக்குக் கட்டும் வெள்ளி அரைஞாண் ஒன்று. தலைப்பிரசவத்துக்கு வரும் மகளுக்குத் தாய்வீட்டில் என்னவெல்லாம் எடுத்து வைப்பார்களோ அவ்வளவும் இருந்தன. அந்த அரைஞாணுக்கு உரிய குழந்தைக்கு இப்போது எட்டு வயது.

“இதையெல்லாம் கொழும்புல யாருக்குங்க குடுக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

நங்கை தராசைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “கொழும்புல இருந்தும் அங்கெ கப்பல் போகுதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. போற ஆளு யாராச்சும் நம்ம பக்கத்தவீக இருந்தாக் குடுத்து உட்டுரலாமுன்னுங்க.”

“ஏனுங் நங்கை, பினாங்கு போலாமுங்களான்னு நான் உங்களைக் கேட்டனா, இல்லீங்களா?”

“கேட்டீங்க.”

“நீங்க வேண்டாமுன்னீங்க.”

“வேண்டாமுங்கலீங்களே. உங்களுக்குச் செரமமுன்னுதானுங்க சொன்னேன்.”

“எனக்கு என்ன செரமமுங்க? எனக்கு அங்கெ போகத்தான் ஆசை.”

“நீங்க அதச் சொல்லுலீங்களே” என்றார்.

குமாஸ்தா குறுக்கிட்டு, பெட்டியைப் பதிவு செய்யப் போகிறோமா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நாகப்பட்டினத்தில் வியாழக்கிழமை கப்பல். அன்று செவ்வாய். அம்மை குத்திய சான்று இருவரிடமும் இருந்தது. புறப்படுவதற்குத் தடை எதுவும் இல்லை என்று நினைத்தேன். நங்கை மட்டும் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை.

“கூப்பிடாத ஊட்டுக்கு எப்படீங்க போறது? மாப்பளை ஊடு. ஒம்போது வருசத்துல ஒரு காயிதத்துலயாச்சும் வாங்கன்னு ஒரு எழுத்து இருந்துச்சுங்களா? நீங்கதான படிச்சீங்க.”

“நம்ம காயிதத்துல அவளை வான்னு இருந்துச்சுங்களா?”

“நீங்கதானுங்களே எழுதுனீங்க.”

“நீங்க சொன்னதைத்தானுங்களே எழுதுனேன்.”

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்கு அழைப்பில்லாமல் போவது லேசான விஷயம் அல்ல. ஊரார் சிரிப்பார்கள் என்பதுகூட இல்லை. போன இடத்தில் அவர்கள் முகம் ஒரு கணம் மாறினால் அதை ஆயுசு முழுவதும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் பயந்தது அதற்குத்தான். நான் வேறு வழியில் போனேன்.

“நாம யாரு ஊட்டுக்கும் போகலீங்க. சிங்கப்பூர் பாக்கப் போறோம். வழியில பினாங்குல கப்பல் ஒரு பகல் நிக்குமுங்க. எறங்கித் துறையில நிக்கறதுக்கும் அழைப்பு வேணுமுங்களா?”

நங்கை யோசித்தார். “தொறைன்னா அது சர்க்கார் எடந்தானுங்களே?”

“சர்க்கார் எடமேதானுங்க.”

“அங்கெ நிக்கலாமுங்க” என்று எழுந்தார்.

மறுநாள் காலை வண்டியில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். எண்பது மைல், கொங்கு நாட்டார் கண்ணுக்குத் தண்ணீர் அநாவசியமாக அதிகமாய் இருக்கிற பிரதேசம். கப்பல் ஏஜெண்டிடம் சிங்கப்பூருக்கு இரண்டு போக வரச் சீட்டு, இரண்டாம் வகுப்பில் கிடைத்தது. நங்கைக்குத் தெரியாமல் மாப்பிள்ளைக்கு ஒரு தந்தியும் கொடுத்தேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களாகையால் சுருக்கமாகவே எழுதினேன்: மாமியாருடன் சிங்கப்பூர் செல்கிறேன், புதன் பகல் பினாங்கில் கப்பல் நிற்கும். பிழையில்லாத வாசகம் என்று அப்போது எனக்குத் திருப்தி.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் படகு உயரும்போது பார்த்துக் கப்பலின் தொங்குபடியில் காலை வைக்க வேண்டும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்; அந்தச் சமயத்தில் யாரும் உங்களைப் பார்ப்பதில்லை, எல்லாரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நங்கை என்னைவிடச் சுலபமாக ஏறினார். மிரளும் மாட்டின்மேல் கை வைக்கிற மாதிரி படியின் அசைவுக்கு ஒரு நிமிஷம் காத்திருந்து, பிறகு தயங்காமல் ஏறிவிட்டார். தகரப் பெட்டியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். அது மேலே போய்ச் சேரும்வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

கப்பல் வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் வகுப்பு அறையில் இரண்டு பேருக்கு மேலும் கீழுமாகப் படுக்கை. வயதானவர்கள் கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கொடுக்க மாட்டார்கள். சைவச் சமையல் தனியாக உண்டு. சாம்பார் என்ற பெயரில் வருவதைச் சூடான தண்ணீர் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இராது. முதல் இரண்டு நாள் தலைசுற்றலும் வாந்தியும் எனக்குத்தான். தைலம் தேய்த்துவிட்டவர் நங்கை. மேல்தட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் பாய் விரித்துப் பயணம் செய்கிறார்கள். சீட்டு மலிவு, ஆனால் அவர்களைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இறக்கி, நோய் இல்லை என்று தெரியும்வரை சில நாள் வைத்திருக்கிறார்கள். முடிந்தவர்கள் இரண்டாம் வகுப்பையே வாங்கவும்.

நாலாம் நாள் மாலை நங்கை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்புறமும் வேறு எதுவுமில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வெள்ளாமைக்கு ஆகாத தண்ணிங்க. இத்தனை கெடக்குது” என்றார். கடலைப் பற்றி அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பினாங்கு. மாலை நாலு மணிக்குக் கப்பல் புறப்படும் என்று பலகையில் எழுதிப்போட்டார்கள். துறையில் மயிலாத்தாள், மாப்பிள்ளை, மூன்று குழந்தைகள். தந்தி கொடுத்ததை அப்போதுதான் நங்கையிடம் சொன்னேன். அவர் பெட்டியை இறக்கச் சொன்னார். ஒரு பகல் நிற்பதற்குப் பெட்டி எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

மகள் தாயைப் பார்த்ததும் அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏனுங்கம்மா இப்படி எளச்சுப்போட்டீங்க?” என்றாள். பிறகு, “வாங்க” என்பதற்குப் பதிலாக, “உக்காருங்க” என்றாள். சுற்றிலும் சாமான் மூட்டைகளைத் தவிர உட்கார ஒன்றுமில்லை. மூட்டைகளின்மேல் ஒரு துப்பட்டியை விரித்தாள். ஐந்தடுக்குத் தூக்குப் பாத்திரம் இரண்டைத் திறந்தாள். பருப்பு, கீரை, அரிசிம்பருப்புச் சோறு, தயிர், இனிப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்திருக்கிறாள். துறையில் கூலிகள் மூட்டை தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போக, நாங்கள் வட்டமாக உட்கார்ந்து இலையில் சாப்பிட்டோம். ஒன்பது வருஷம் கழித்து வந்த தாய்க்கு வீட்டுச் சாப்பாட்டைத் துறைக்குக் கொண்டுவந்து போடுகிற காரியத்தை எங்கள் ஊர்ப் பெண்ணைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

கை கழுவும் சாக்கில் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். “ஏன் கண்ணு, ஊடு எத்தனை தொலைவு?”

“ரிக்‌ஷாவுல கால்மணி நேரமுங்கத்தை.”

“பின்ன ஏன் கூப்புடுல?”

“சிங்கப்பூர் பாக்கப் போறீங்கன்னு தந்தியில போட்டிருந்தீங்களே. அம்மா ஆசையாக் கெளம்பி வந்திருப்பாங்க. நான் கூப்புட்டா மாட்டேன்னு சொல்ல முடியாம எறங்கிப்போடுவாங்க. அவுங்க ஆசையக் கெடுக்கறதுங்களா?”

என் வாசகத்தின் பிழையின்மை அப்போது எனக்கு விளங்கிற்று. நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது. பினாங்கில் மழை முன்னறிவிப்பில்லாமல் வரும், குடை அவசியம். எல்லாரும் கொட்டகையை நோக்கி ஓடினோம். நங்கை ஓடவில்லை. பெட்டியை விட்டுவிட்டு நகர அவருக்கு மனமில்லை. தன் முந்தானையால் அதை மூடிக்கொண்டு நனைந்தபடி நின்றார்.

மாப்பிள்ளை அதுவரை எங்களிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. மாமியார் எதிரில் பேசாதிருப்பது மரியாதை. அவர் மழைக்குள் திரும்பிப் போய், பெட்டியின் ஒரு பக்கத்துப் பிடியைத் தூக்கிப் பார்த்தார். கொப்பரை மூட்டையை எடை பார்த்துப் பழகிய கை. நாலு சீலைக்கு இந்தக் கனம் இராது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமியாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு ரிக்‌ஷாவைக் கைகாட்டி அழைத்துப் பெட்டியை ஏற்றினார். நங்கை திகைத்துப்போய், “பொட்டி போகுதுங்களே!” என்றார்.

“ஊட்டுக்குப் போகுதுங்க. வாங்க, அத்தை” என்றார் மாப்பிள்ளை. சுமைதூக்கிக்கு வழி சொல்கிறவரைப்போலக் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. நங்கை மறு ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தார். கடைசிக் குழந்தை கேட்காமலே அவர் மடியில் ஏறிக்கொண்டது. ரிக்‌ஷா நகர்ந்த பிறகுதான் என் நினைவு வந்து, “நீங்க தனியா எப்படீங்க அம்மிணி...” என்றார். வண்டி இழுக்கிறவர் நிற்கவில்லை.

நான் தனியாகவே சிங்கப்பூர் போனேன். பினாங்கிலிருந்து இரண்டரை நாள். நடுவே போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்க வேண்டியதில்லை, சேறும் கொசுவும்தான். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் நம்மவர் விடுதியில் நாளொன்றுக்கு ஒன்றரை டாலருக்கு அறையும் இருவேளைச் சாப்பாடும் கிடைக்கிறது. தாவரத் தோட்டத்தைக் காலை எட்டு மணிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் சுட்டுக்கோலால் எத்தனையோ தரம் தொட்ட ஊர். சுட்டுக்கோலின் நுனி மறைக்கிற அளவுக்குச் சின்ன ஊர் அல்ல என்று தெரிந்துகொண்டேன். எட்டு நாள் போதுமானது.

போக நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. பன்னிரண்டு நாளும் நல்ல காற்றும் போதுமென்றால் கொழும்பு. கடலைப் பற்றிப் பேசத்தான் ஆசை, கடக்க ஆசையில்லை என்றால் கொச்சி. மற்றவர்களுக்கு நாகப்பட்டினம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பக்கமே போகாதீர்கள். தை முதல் பங்குனி வரை சுகம். வாங்கிய சீட்டை ரத்து செய்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். ராவுத்தர் கொழும்புச் சீட்டுக்கு அப்படித்தான் தந்தார். “முன்னாடியே எனக்குத் தெரியுமுங்கம்மா” என்றும் சொன்னார். துணைக்கு வருகிறவர் கொங்கு நாட்டவரானால், எங்கே போகலாம் என்று கேட்பதற்கு முன் உங்கள் ஆசையை நீங்கள் சொல்லிவிடுங்கள். அவருடைய ‘சரி’யை மூன்று தரம் கேட்டு வாங்குங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பினாங்கில் கப்பல் அரைநாள் நின்றது. நங்கை துறைக்கு வந்திருந்தார். இடுப்பில் கடைசிக் குழந்தை. பின்னால் மயிலாத்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். இரண்டு வாரத்தில் நங்கையின் முகம் சற்றுப் பருத்திருந்தது. கையில் பெட்டியில்லை, பையில்லை.

“தோட்டம் என்னாச்சோ தெரியலீங்க. மாடுக வேற இருக்குது. உங்களுக்கும் தனியாச் செரமம்” என்றார். குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினார். “நீங்க சொன்னா நானும் வந்துர்றனுங்க அம்மிணி.”

மயிலாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. தாய்க்கு ஊர் நினைப்பு இருக்குமே என்று தயங்குவாள். இருக்கிறேன் என்று சொல்ல இவருக்கும் வாய் வராது. கப்பல் ஒரு தரம் ஊதிவிட்டது.

“வேண்டாமுங்க” என்றேன். “நீங்க வர வேண்டாம். தோட்டத்தை நான் பாத்துக்கறேன்.”

அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து நாற்பத்தைந்து வருஷம். இத்தனை காலத்தில் நான் அவரிடம் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன்.

“சேரீங்க” என்றார் உடனே.

அவருடைய சீட்டின் திரும்பும் பாதி என்னிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குச் செல்லும் என்று ஏஜெண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆவணியோடு கெடு முடிகிறது. மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒருவழிச் சீட்டு வாங்குவதே சிக்கனம். இப்போது ஆடி நடக்கிறது. தோட்டத்துக்கு வாரம் ஒரு தரம் போய்வருகிறேன். மாடுகள் என்னை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மயிலாத்தாளின் கையெழுத்தில் மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. மாடு, மழை, குழந்தைகளின் சளி எல்லாம் அதில் இருக்கும். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இராது. நானும் கேட்டு எழுதவில்லை.